முன்பக்கம் மட்டும்

திரையில் அவன் மனைவி இரண்டு கால்களையும் இழுத்து இழுத்து நடந்தாள். உயிரோடு இருந்தவரை இடது கால் மட்டும்தான் இழுக்கும். வலது கால் அவள் சொன்னபடி கேட்டது.

தப்பு அவனுடையதுதான். அச்சகத்தில் விளம்பரத் தாள் வடிவமைக்கிறவன், தலையணைத் தடிமனில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு முப்பரிமாண அனிமேஷன் கற்கக் கிளம்பியிருந்தான். ஒரு கால் எடுத்துவைக்கும் அடியைச் செய்து, அதையே மறுபக்கத்துக்குத் திருப்பி ஒட்டினால் பாதி வேலை மிச்சம் என்றது புத்தகம். சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? நொண்டலையும் சேர்த்தே ஒட்டிவிட்டான்.

கற்றது பிழைப்புக்காக அல்ல. "அம்மா முகம் மறந்துபோகுதுப்பா" என்று ஒருநாள் சாப்பிடும்போது மகள் சொன்னாள், ஏதோ பென்சிலைத் தொலைத்துவிட்டவள் மாதிரி. அவனுக்கு அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை. அம்மாவை ஒருதரம் நடக்கவிட்டு அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று முடிவுசெய்தான். இருந்த புகைப்படங்களிலெல்லாம் மனைவி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால் முன்பக்கம் மட்டும் செய்தான். பின்னால், முகமூடியின் உட்புறம் போல, வெறும் குழி. யார் திருப்பிப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

மழை பிடித்துக்கொண்ட மாலை. ஜன்னல் கம்பியிலிருந்து நீர் சொட்டுவது, கணினி விசிறியின் இரைச்சல், காயாத துணியின் வாடை, இவற்றுக்கெல்லாம் நடுவே கூடத்திலிருந்து இன்னொரு சத்தமும் வந்துகொண்டிருப்பது அவன் காதில் ஏற வெகுநேரம் ஆயிற்று. தரையில் ரப்பர் செருப்பு தேய்கிற சத்தம். மகள் அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு விளையாடுகிறாள் என்று நினைத்தான். அந்தச் செருப்பை அவனே யாருக்கோ கொடுத்துவிட்டது பிறகுதான் ஞாபகம் வந்தது.

கதவு மூடியிருந்தாலும் மனைவியின் நடை அவனுக்குத் தெரியும். ஒரு சரக், ஒரு தட்.

இதில் தட் இல்லை. சரக். சரக்.

திரையில் ஓடிக்கொண்டிருந்த நடையை நிறுத்தத் திரும்பினான். அவள் நடக்கத் தரையாகப் போட்டிருந்த கட்டங்கள் மட்டும் இருந்தன. அவள் இல்லை.

"அப்பா, அம்மா வந்திருக்காங்க."

மகளின் குரலில் அப்படியொரு சந்தோஷம். அதைக் கேட்கத்தான் இத்தனை மாதம் ஏங்கினான். சுவரைப் பிடித்துக்கொண்டு போனான்.

கூடத்தில் விளக்குப் போடவில்லை. அரை இருட்டில் அவள் நின்றாள். புகைப்படத்துச் சிரிப்பு. கண் இமைக்கவில்லை, இமைக்கவைக்க அவன் இன்னும் கற்கவில்லை. மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகம் புதைத்திருந்தாள்.

"அவங்களை விட்டுட்டு இங்க வாம்மா," என்றான்.

"வரமுடியலப்பா."

ஓரமாக நகர்ந்து பார்த்தான். முதுகு இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. மகளின் கைகள் இருபுறமும் சுற்றிப் போய், முழங்கைவரை அதற்குள் இருந்தன.

"அப்பா." இப்போது அவள் குரல் சின்னதாகிவிட்டது. "உள்ளேருந்து யாரோ என் கையைப் பிடிச்சிருக்காங்க."

பாய்ந்துபோய் மகளின் தோளைப் பற்றினான். அவனுக்குத் தெரிந்த அந்தச் சிரிப்பு அவனைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் போனது.

மகளின் பாதங்கள் தரையில் தேய்ந்தன. இரண்டும்.

சரக். சரக்.