முழங்கைத் தட்டல்

கதவை யாரோ தட்டினார்கள்.

விரல் முட்டியால் தட்டுகிற ஓசை இல்லை அது. ஈரத்துணி மூட்டை ஒன்று மரத்தில் மோதியதைப் போல மந்தமாக, கதவின் நடுப்பகுதியில், ஒரு முறை. சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை. மழை ஓய்ந்த மாலை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் நடைபாதையில் எவர் வீட்டிலோ முறுக்கு வேகும் எண்ணெய் வாசனையும், கீழே பூக்கடைகளின் ஒலிபெருக்கி இரைச்சலும், மோனோரயில் வளைவில் திரும்பும்போது எழும் மெல்லிய கிறீச்சிடலும் ஒன்றோடொன்று குழைந்து வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. யுகேந்திரன் சோற்றுப் பொட்டலத்தைப் பாதி பிரித்தபடி வைத்துவிட்டு எழுந்தான். கதவை அகலத் திறந்தான். திறந்த வேகத்தில் ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்றான், வருபவர் தன்மேல் படாமல் உள்ளே போவதற்கு வழிவிட்டு.

யாரும் இல்லை.

மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. அவன் மாட்டிய பூட்டு மாட்டியபடியே தொங்கியது. கிரில்லின் மேல் முழுக்கக் கொசுவலை. மார்ச் மாதத்துக்குப் பிறகு அவனே இழுத்துக் கம்பியால் கட்டியது. அதற்குள் ஒரு விரல்கூட நுழையாது. வெளியே நிற்பவர் யாராக இருந்தாலும் மரக்கதவைத் தொட்டிருக்க முடியாது.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், தான் ஏன் அப்படி ஒதுங்கி நின்றோம் என்பது அவனுக்கு உறைத்தது.

அவன் மனைவி தாமரை அப்படித்தான் வருவாள். ஆண்டுக்கு ஒரு நாள். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் அவளும் ரமணியும் கடைவரிசை முகப்பின் ஐந்தடிப் பாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஊரார் கைக்கெல்லாம் மருதாணி வைப்பார்கள். தீபாவளிக்கு முதல் நாள் மாலை, கூட்டம் குறைந்ததும், ரமணி அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்துவிடுவாள். அந்தக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி தாமரை நடந்தே வீட்டுக்கு வருவாள். லிப்டில் பொத்தானை அழுத்த யாரையாவது கெஞ்சுவாள். கதவை முழங்கையால் தட்டுவாள். ஈரம் கலையாமல் உள்ளே விடுவதும், சோறு ஊட்டுவதும், நெற்றியில் விழும் முடியை ஒதுக்குவதும் அவன் வேலை. எலுமிச்சைச் சாறும் சீனியும் கலந்து பஞ்சில் தொட்டு ஒற்றுவான். தோசைக்கல்லில் கிராம்பைப் போட்டு அந்தப் புகையில் அவள் கைகளைக் காட்டச் சொல்வான். விடிந்ததும் காய்ந்த பசையைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டி எடுப்பான். தண்ணீர் படக்கூடாது. தேங்காய் எண்ணெய் மட்டும்.

புருஷனுக்கு ஆசை இருந்தால்தான் சிவக்கும் என்று வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். தாமரை சிரிக்க மாட்டாள்.

"ஆசையாவது மண்ணாவது. கை சூடா இருக்கணும். அவ்வளவுதான் லா."

தட்டல் கேட்ட அன்று இரவு அவன் சீக்கிரமே படுத்துவிட்டான். காலையில் இடது உள்ளங்கையில் ஒரு கறை இருந்தது. வெளிர் ஆரஞ்சு. குழம்பு மஞ்சள் என்று நினைத்துச் சோப்புப் போட்டான். போகவில்லை. முகர்ந்து பார்த்தான். இலை வாசனை, அதற்கு மேல் தைலம், அதற்கும் மேல் மிக மெலிதாகக் கருகல்.

மறுநாள் மாலை படுக்கையறைக் கதவு தட்டப்பட்டது. ஏர்கானுக்காகச் சாத்தியிருந்தான். அவன் உள்ளே இருந்தான். ஓசை கூடத்திலிருந்து வந்தது. அதே உயரம். அதே மந்தம். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் கதவையே பார்த்தான். மூன்றாம் முறை தட்டல் வந்தபோது அதில் அவசரம் இல்லை, கோபம் இல்லை. கை இரண்டும் வேலையாக இருக்கும் ஒருத்தியின் பொறுமை மட்டும் இருந்தது. எழுந்து திறந்தான். ஒதுங்கி நின்றான். குளிர்ந்த காற்று அவன் மார்பை உரசாமல் உள்ளே போனது.

காலையில் கறையில் கோடுகள் தெரிந்தன. ஒரு கொடி. ஒரு மாங்காய். விரல்நுனிகளில் தொப்பிபோல் வட்டங்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் அவன் வேலை செய்யும் அலுவலகத்தில் கட்டைவிரலை வைத்தால்தான் கண்ணாடிக் கதவு திறக்கும். அன்று திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு விளக்கு. ஊதிவிட்டு வைத்தான். சிவப்பு விளக்கு.

காவலர் சின்னையா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன பாஸ், மெஷினே உங்கள மறந்துருச்சா?"

"தெரியல அங்கிள்."

"இங்க கொடுங்க." அவன் விரலைப் பிடித்து அழுத்தப் போனவர் சட்டென்று விட்டுவிட்டார். "அடேயப்பா, ஐஸ் பெட்டியில வேல பாக்குறீங்களா தம்பி? மெஷினுக்குக் கை கொஞ்சமாச்சும் சூடா இருக்கணும் லா." பிறகு உள்ளங்கையைப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தார். "ஓ. புதுசா யாரோ வந்துட்டாங்கபோல. நல்லதுதான். சின்ன வயசு."

யுகேந்திரன் கையை மூடிக்கொண்டான். நாள் முழுதும் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மறு கையால் தட்டச்சு செய்தான். சூடு ஏறவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் அவன் ரமணியிடம் போனான். பாதை முழுக்க வண்ண விளக்குகள், ஜவுளிக் கூடாரங்கள், பலகாரப் போத்தல்கள். ரமணி முக்காலியில் குனிந்து, ஒரு பெண்ணின் கையை மடியில் வைத்து வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. அதில் யாரையும் உட்கார வைக்கவில்லை.

"ஆட்டாதேடி. ஆட்டினா மயிலு கோழி ஆயிடும். அப்புறம் அக்காவக் கொற சொல்லாதே." நிமிர்ந்தவள் அவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "வா யுகேன். சாப்ட்டியா? மூஞ்சியே சரியில்ல."

"ரமணிக்கா, இதப் பாருங்க."

கையை விரித்தான். கறை இப்போது செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது; நடுவில் ஒரு மயிலும் சேர்ந்திருந்தது. ரமணி புன்னகைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். மருதாணிக் கோனைக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணிடம் ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு அவனைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"யாரு வச்சா?"

"தெரியல. சாயங்காலமானா யாரோ கதவத் தட்டுறாங்க, தூங்கி எழுந்தா இருக்கு. ஒவ்வொரு நாளும் கூடுது."

தொலைபேசி விளக்கைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "மயில் திரும்பி நிக்குது. கொடி தப்புப் பக்கம் ஏறுது. இது வரைஞ்சது இல்ல யுகேன். ஒட்டினது. ஈரமா இருக்கிற கைய இன்னொரு கையில வச்சு அழுத்தினா இப்படித்தான் விழும்." அவள் விரல் அவன் மணிக்கட்டை நோக்கி நகர்ந்து, தொடாமல் நின்றது. மயிலின் கழுத்திலிருந்து ஒரு கோடு வழுக்கி மணிக்கட்டு வரை ஓடியிருந்தது. "இது நான் போட்ட கோடு. அன்னிக்கு அழுதுட்டே போட்டேன். கை வழுக்கிருச்சு."

அன்றைக்கு என்றால் மார்ச்சில். டிங்கிக் காய்ச்சல் தாமரையை ஒரே வாரத்தில் கொண்டுபோனது. சுமங்கலியாகப் போனவளைப் புதுப்பெண்ணாகத்தான் அனுப்பவேண்டும் என்று அவளுடைய பெரியம்மா இராஜம்மா கூறைச் சேலை கட்டினார், மஞ்சள் பூசினார், மல்லிகை வைத்தார். புதுப்பெண் என்றால் கையிலும் மருதாணி வைக்கவேண்டும் என்றான் யுகேந்திரன். வேண்டாம் தம்பி, செத்த கையில் பிடிக்காது என்றாள் ரமணி. வைக்கச் சொன்னான். வண்டி வந்து நின்றது. நேரமாகிறது என்றார்கள். பச்சைப் பசை காயாமல், சுரண்டாமல், ஈரத்தோடு, இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் மல்லாத்தி வைத்தபடி அவளை மின்சுடலைக்கு அனுப்பினார்கள்.

மருதாணி வைத்தவளைப் பாதியில் எழுப்பி அனுப்பக்கூடாது. பிடிக்கும்வரை உட்கார வைக்கவேண்டும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வைக்கச் சொன்னான்.

"அவளுக்கு இன்னும் பிடிக்கல," என்றாள் ரமணி. "சூடு தேடுறா. உன் கைல இருந்து எடுக்குறா. நான் சொல்றதக் கேளு. வீட்டுக்குப் போகாதே. இப்பவே கொமுட்டர் ரயில் புடிச்சு கிள்ளானுக்கு என் வீட்டுக்குப் போ. புள்ளைங்க இருக்கு. சோறு இருக்கு. தீபாவளி கொண்டாட வேணாம், எழவு வீட்டுக்காரன்தான், யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க. சும்மா வந்து படு."

"துணி எடுத்துட்டுப் போறேன்க்கா."

"துணி என்னலா பெரிய துணி!"

"எடுத்துட்டுப் போயிடுறேன்."

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ராத்திரி என் வீட்ல நீ இல்லன்னா, காலையில நானே வந்து உன் கதவ ஒடைப்பேன். கேட்டுச்சா? தட்டுனா திறக்காதே யுகேன்."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மாடிகள் எல்லாவற்றிலும் விளக்குகள் மினுங்கின. அவன் வீட்டு வாசல் மட்டும் இருட்டு. பையில் கூடத்துக் கொடியிலிருந்து எடுத்த இரண்டு சட்டை, ஒரு கைலி. பத்து நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம். சாவியை எடுத்துக்கொண்டு கிரில்வரை வந்துவிட்டான்.

பின்னால் தட்டல் கேட்டது.

படுக்கையறைக் கதவு. காலையில் அவன் அறைந்து சாத்திவிட்டுப் போனது. இப்போது ஓசை உள்ளேயிருந்து வந்தது.

கிரில்லைத் திறந்தால் லிப்ட். லிப்டைத் தாண்டினால் விளக்கு, கூட்டம், ரயில், கிள்ளானில் ஒரு சோற்றுத் தட்டு. ரமணி வீட்டுப் பிள்ளைகள் மேலே ஏறி விளையாடுவார்கள். அவன் அதையெல்லாம் நினைத்துப் பார்த்தான். பிறகு, மார்ச்சிலிருந்து தன்னைத் தொட்டவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தான். சின்னையா. ஒரு நொடி.

மறுபடியும் தட்டல். பொறுமையாக.

பையைக் கீழே வைத்தான். வாசற்கதவைத் தாழிட்டான்.

படுக்கையறைக் கதவைத் திறந்தான். ஒதுங்கி நின்றான். கிராம்புப் புகை. தைலம். கருகல். கூடத்துச் சோபாவின் ஒரு பக்கம் மெல்ல அழுந்தியது. அவன் விளக்கைப் போடவில்லை. மறுபக்கத்தில் உட்கார்ந்தான். மழை கண்ணாடியில் அடித்தது. இரண்டு கைகளையும் மடியில் வைத்து விரித்தான்.

"வா," என்றான். அந்த வீட்டில் பல மாதங்களில் அவன் பேசிய முதல் சொல்.

முதலில் ஈரம். பிறகு கனம். மணல்போல நெருநெருக்கும் பசை. அதன் பின்னால் விரல்கள், ஒவ்வொன்றாக, அவன் விரல்களுக்கு இடையில். குளிர். அந்தக் குளிருக்கு ஏங்கியிருந்தான் என்பதை அவன் உடம்பு அவனுக்கு முன்பே அறிந்திருந்தது. இறுகப் பிடித்தான்.

நுனிவிரல் மரத்தது. மணிக்கட்டு. முழங்கை.

பிடியில் இருந்த கை மெல்ல வெதுவெதுப்பானது.

போதும் என்று சொல்ல நினைத்தான். நாக்கு அசையவில்லை. தோள். கழுத்து. விடுவித்துக்கொள்ள இழுத்தான். இழுத்தது எந்தக் கை என்று தெரியவில்லை.

வெளிச்சம் வந்தபோது நின்றுகொண்டிருந்தான். வாசற்கதவுக்கு உள்ளே. எங்கோ பட்டாசு வெடித்தது. எண்ணெய்க் குளியலின் சீயக்காய் வாசனை நடைபாதையில் மிதந்தது. அவனுடைய இரண்டு கைகளும் முன்னால் தூக்கியிருந்தன. உள்ளங்கைகளில் பச்சைப் பசை, தடிப்பாக, ஈரமாக. காயாது. அவனுக்குத் தெரிந்தது. பசைக்குக் கீழே தோல் இருந்தது. அதில் சூடு இல்லை.

கிரில் அதிர்ந்தது.

"யுகேன்! ராத்திரி பூரா போன் அடிச்சேன்! காரை ரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன், சம்மன் போட்டுருவான் லா. திற!"

போய்விடுங்கள் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை. தாழ்ப்பாளை விலக்க விரல்கள் மடங்கவில்லை. அவனால் முடிந்தது ஒன்றுதான்.

முழங்கையால் கதவைத் தட்டினான்.

வெளியே ரமணி பேச்சை நிறுத்தினாள். அந்தத் தட்டலை அவளும் அறிவாள்.

மறுபடி தட்டினான்.

முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஓசை. வெகுநேரமாகவே அது கேட்டுக்கொண்டிருந்தது. சர்ர். சர்ர். கத்தியின் மழுங்கிய பக்கம். காய்ந்த பசை சிமெண்டுத் தரையில் பொடிப்பொடியாக விழும் ஓசை. அது நின்றது. கத்தியை மேசையில் வைக்கும் சத்தம். வெறுங்கால்கள்.

அவன் தோளைத் தாண்டி ஒரு கை நீண்டது. கன்னத்தை உரசியபோது அது சூடாக இருந்தது. தேங்காய் எண்ணெய் மணத்தது. தாழ்ப்பாளை நிதானமாக விலக்கி, கதவை உள்ளே இழுத்து, அவனை மெல்ல ஒதுக்கிச் சுவரோடு நிறுத்தியது. பிறகு சாவியோடு கிரில் பூட்டுக்குப் போனது.

ரமணி அவனைப் பார்க்கவில்லை. கொசுவலைக்கு அப்பால் அவள் கண்கள் அந்தக் கையின் மேலேயே நின்றன. மயிலின் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை வழுக்கி ஓடிய கோடு, கறுஞ்சிவப்பாக, நன்றாகப் பிடித்திருந்தது.