வாடின வெற்றிலைத் தட்டு

"ஐயோ… என் தட்டு!"

காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்த அன்புச்செல்வி அலறிவிட்டாள். ஜன்னலோரம் பார்த்துப் பார்த்து அடுக்கிய பித்தளைத் தட்டு, பிளந்த மாதுளை, வேண்டுமென்றே வாடவிட்ட வெற்றிலை… எதையும் காணோம். பாதி ஓவியம் மட்டும் நின்றது. நாளைக்கு விழுப்புரம் கண்காட்சிக்குப் போக வேண்டிய படம்!

பக்கத்து வீட்டில் நிச்சயதார்த்தம். திண்டிவனத்தில் கொட்டிய மழைக்குப் பயந்து, மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டுகளை இவள் வீட்டில்தான் இறக்கியிருந்தார்கள். போச்சுடா!

நனைந்துகொண்டே ஓடினாள். சபை நடுவில் அவள் தட்டு!

"வாடின வெத்தலயா எடுத்துக்கினு வருவாங்க?" என்று பெண்ணின் அத்தை முகம் சுளிக்க, அதைத் தூக்கிவந்த மாப்பிள்ளையின் தம்பி, கெடார் ஊர்க்காரன் சித்தார்த்தன், திருதிருவென விழித்தான்.

"அது வரிசை இல்லீங்க… நான் படம் வரைய வச்சது!"

சபையே சிரித்தது. அவளுக்கோ அழுகை முட்டியது.

தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவன், "வரிசத் தட்டு ரெட்டப்படையா இருந்துச்சிங்க. ஒத்தப்படையாக்கணுமேன்னு இதையும் தூக்கிக்கினு போய்ட்டேன்" என்றான். அந்தக் கண்களில் துளி கள்ளமில்லை. பாழாய்ப்போன கோபம் தங்க மாட்டேன் என்றது…

அதற்குள் கரண்ட் போனது. அம்மா மெழுகுவத்தி தேடினாள்.

"நீங்க வரைங்க. நான் லைட் அடிக்கறேன்."

செல்போன் வெளிச்சத்தை மாதுளைமேல் பிடித்தபடி நின்றான். பந்திக்குக் கூப்பிட்டார்கள்… போகவில்லை. அவள் கடைசித் தீற்றலை இழுத்ததும் மெல்லச் சொன்னான்.

"விருந்தாளிங்க வயிறார சாப்ட்டு போனப்புறம் வூடு இருக்குமே… அந்த மாதிரி நிம்மதியா இருக்குதுங்க."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பார்த்தவரெல்லாம் சோகம் என்ற படம். போன வருஷம் பெண் பார்க்க வந்தவன், "கல்யாணத்துக்கப்புறம் இந்தக் கிறுக்கலெல்லாம் வேணாம்" என்றபோது, கல்யாணமே வேண்டாம் என்று வீம்பாய் இருந்துவிட்டவள் அவள். இவனோ வரையச் சொல்லி வெளிச்சம் பிடிக்கிறான்!

"எனக்கு… உங்கள புடிச்சிருக்குங்க" என்றான் அவன், தரையைப் பார்த்து.

"நான் வரையறத வுடமாட்டேன்."

"யாரு வுடச் சொன்னா? நாளைக்கு விழுப்புரத்துக்கு நானும் வரட்டுமா?"

அவள் முகம் சிவந்தது. வீம்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"வாங்க… வரும்போது உங்க அம்மாவையும் இட்டுக்கினு வாங்க. எங்க அம்மாகிட்ட பேசட்டும்."