நாலு சின்ன ஓட்டை

“தேத்தண்ணி ஆறிப்போச்சு மாமி. வேற கொண்டாங்க.”

நல்லம்மாள் குவளையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கட்டிலில் சாய்ந்தபடி கலாதேவி அந்த முதுகையே பார்த்தாள்.

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இதே வீட்டிலிருந்துதான் அவளை விரட்டினார்கள். புருஷன் தர்மா லாரியில் அடிபட்டுச் செத்தான். பதினாறாம் நாள் காரியத்தன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மாமியார் கத்தினாள்: “தாலி அறுத்தவ மொகத்துல என்னால முழிக்க முடியாது. போயிடு!”

கலாதேவி மகளோடு தஞ்சோங் மாலிம் போனாள். கார் தொழிற்சாலையில் கால் வீங்க நின்று மகளை வளர்த்தாள்.

ஒன்பது வருடம் கழித்து நல்லம்மாள் அங்கே வந்து நின்றாள். அவள் மகள், தர்மாவின் தங்கை விமலாவுக்குப் பிறவியிலேயே கருப்பை இல்லை. இந்தியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் மாற்றுக் கருப்பை வைக்கிறார்கள். நல்லம்மாளுடையதைக் கட்டி வந்து எப்போதோ எடுத்தாகிவிட்டது. சொந்தத்தில் ரத்தம் பொருந்தியது அண்ணி கலாதேவி ஒருத்திக்குத்தான்.

“வயித்தக் கிழிக்க மாட்டாங்களாம்லா. கேமரா விட்டு எடுத்துருவாங்களாம். நாலு சின்ன ஓட்டைதான்.”

“ஓட்டை சின்னதுன்னா, குடுக்கிறதும் சின்னதா மாமி?”

விமலாமேல் அவளுக்குக் கோபம் இல்லை. விரட்டிய பிறகும் தேடி வந்து பேசியவள் விமலா மட்டும்தான். அதனால் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு. “நானா எழுந்திரிக்கிற வரைக்கும் நீங்கதான் என்னப் பாக்கணும். தெனமும் என் மொகத்துலதான் முழிக்கணும்.”

சின்ன ஓட்டைகள் வழியாக ஒரு பகல் முழுக்க அறுத்தார்கள். விமலா சிகிச்சைக்காக அங்கேயே தங்கினாள். கலாதேவி ஈப்போவுக்கு, மாமியார் வீட்டுக்குத் திரும்பினாள். காயங்கள் சீக்கிரமே ஆறிவிட்டன. வேலைக்கே போகலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அவள் வீட்டில் சொல்லவில்லை. படுத்தே கிடந்தாள். விடிந்ததும் மாமியார் வந்து தன் முகத்தைப் பார்ப்பது... இனித்தது.

போன் அடித்தது. விமலா அழுதாள். “அண்ணி... வந்துருச்சு அண்ணி! முப்பது வயசுல வயசுக்கு வந்துட்டேன்!”

சூடான குவளையோடு வந்த நல்லம்மாள் காதில் அது விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் மகளுக்கு மட்டும் சடங்கு நடக்கவில்லையே என்று வருடக்கணக்காகக் குமைந்தவள்.

“அவ வந்ததும் சடங்கு செய்யணும் கலா. மொத தண்ணி நீதான் ஊத்தணும்.”

“தாலி அறுத்தவ ஊத்தலாமா?”

“என்னச் செருப்பால அடி... ஆனா நீதான் ஊத்தணும்!”

“இத இங்க சொல்லாதீங்க. அன்னிக்கு யார் யார் முன்னாடி வெரட்டினீங்களோ, அவங்க முன்னாடி சொல்லுங்க.”

“சொல்றேன்.” நல்லம்மாள் கண்ணைத் துடைத்தாள். “நீ நடமாடலாம்னு நர்ஸு போன வாரமே சொல்லிட்டா.”

கலாதேவி திடுக்கிட்டாள். “அப்புறம் ஏன் தெனமும் கொண்டு வந்தீங்க?”

“நீதான் எழுந்திரிக்கலயே.”

கலாதேவி குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். எழுந்திருக்கலாம் என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை.

“சீனி பத்தல மாமி.”

நல்லம்மாள் அடுப்படிக்குப் போனாள்.