ஒரு கை பின்னால்

அண்ணியைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்ற முடிவோடுதான் சின்னு அந்த வீட்டுக்குப் போனாள். நாலு மாற்றுத்துணி எடுத்தால் போதும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு காலிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டாள். "பேச்சுக்கு இடமே குடுக்காதே, கூட்டிக்கிட்டு வந்துரு" என்று கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். சொல்வது சுலபம். அண்ணி வாய் திறந்து மறுக்கிற ஆள் இல்லை. சரி சரி என்று தலையாட்டிவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பாள். அப்படிப்பட்டவர்களை அசைப்பதுதான் பெரும்பாடு.

தலை நரைத்த பிறகும் குடும்பத்தில் அவளுக்குச் சின்னு என்றுதான் பெயர். காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை. அண்ணன் செத்து இரண்டு மாதமாகியும் அண்ணி அந்த வீட்டை விட்டு நகரவில்லை. போனில் அவள் குரல் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டே வந்தது. பிள்ளைகள் கிடையாது, அக்கம்பக்கம் பேச்சும் கிடையாது. அண்ணியும் போய்விட்டால் பிறந்த வீட்டு மனுஷி என்று சொல்லிக்கொள்ளச் சின்னுவுக்கு இந்த உலகத்தில் யாருமில்லை. அண்ணன் விஷயத்தில் கோட்டை விட்டாயிற்று. அண்ணியையாவது உயிரோடு கொண்டுபோக வேண்டும்.

மேட்டுத் தெருவின் கடைசி வீடு. பிற்பகல் வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளியதும் உள்ளிருந்து ஈயம் உருகும் வாசனை வந்தது.

அது அண்ணனின் வாசனை. பழைய ரேடியோக்களுக்கு ஈயப் பற்று வைத்து வைத்து, சட்டையிலும் தலைமயிரிலும் எந்நேரமும் அதைச் சுமந்துகொண்டு திரிந்தவன். சுவரெல்லாம் ஊறிப் போயிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

"வந்துட்டியா, சின்னு?" என்று அண்ணி கூடத்து இருட்டிலிருந்து எழுந்து வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். ஆனால் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அழுத முகம் இல்லை.

"இது என்ன கோலம், அண்ணி? சாப்பிடுறீங்களா இல்லையா?"

"அதெல்லாம் சாப்பிடுறேன். பெட்டி எதுக்கு?"

"உங்களுக்குத்தான். சாயங்காலத்துக்குள்ள கெளம்பறோம். வாடகைக் கார் தெருவுலயே நிக்குது."

"சரி" என்றாள் அண்ணி. இருந்த இடத்திலேயே நின்றாள். அவளுடைய வலது கை விரல்நுனிகளில் பழுப்பாகச் சுட்ட தழும்புகள் இருந்தன.

"என்ன அண்ணி இது?"

"சூடு பட்டுருச்சு. நீ உக்காரு, டீ போடறேன்."

அண்ணி சமையலறைக்குள் போனாள். சின்னு உட்காரவில்லை. அவள் கால்கள் தாமாகவே மாடிப்படிக்குக் கீழே இருந்த அண்ணனின் வேலை அறைக்குப் போயின.

இருந்த ஒரே ஜன்னலையும் ரேடியோ அலமாரி மறைத்திருந்தது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் கண் தெரியும். அண்ணனும் அவன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளும் பழைய சாமான் கடைகளில் தலைகீழாகக் கிடந்து பொறுக்கி வந்த பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சின்னுவுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. கைபேசியில் பாட்டு கேட்டால் போதாதா என்று யாராவது கேட்டால் இவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உள்ளே கண்ணாடி வால்வு மெல்லச் சிவந்து, சூட்டில் தூசி காய்கிற வாசனை வந்து, அதற்குப் பிறகு ஒரு குரல் கேட்குமே, அந்தக் காத்திருப்புக்காக உயிரையே விடுவார்கள்.

அண்ணன் நிஜமாகவே விட்டான்.

அதைத்தான் கூட்டாளிகளால் இன்றுவரை நம்ப முடியவில்லை. மின்சாரம் ஓடுகிற பெட்டிக்குள் ஒரு கைதான் போக வேண்டும், இன்னொன்று முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால், ஒன்றில் ஏறுகிற மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் மற்றதில் இறங்கும். இதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவனே அண்ணன்தான். சின்னு சிறுமியாக இருந்தபோது அவள் இடது கையைப் பின்னால் மடக்கி, பாவாடை நாடாவுக்குள் சொருகிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பான். அவனைத்தான் இரண்டு கைகளும் உள்ளே போன நிலையில் கண்டெடுத்தார்கள்.

விளக்கைப் போட்டாள். அந்த ரேடியோப் பெட்டி இன்னும் மேசைமேல் இருந்தது. மரக்கூடு கழற்றி வைத்திருந்தது. தகரச் சட்டத்தின் நடுவே ஒரு சர்க்யூட் போர்டு. அதைப் பார்த்ததும் சின்னுவின் மனம் அந்தத் துக்கத்திலும் ஒரு கணம் துள்ளியது. சர்க்யூட்டைப் பலகையில் அச்சடிக்கும் தொழிலே தவழ்ந்துகொண்டிருந்த காலத்துப் போர்டு அது. செம்புக் கோடுகளை யாரோ தூரிகையால் வரைந்திருந்தார்கள். நேர்கோடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கொடி படர்ந்த மாதிரி வளைந்து வளைந்து போயின. ஓரத்து வார்னிஷில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்து உறைந்திருந்தது.

கூட்டாளிகள் இப்படி ஒரு பலகை கிடைத்தால் முதலில் கேட்பது, "இது யார் கை?" என்றுதான். ஈயம் வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அண்ணனின் கை தனி. சின்ன வயதில் மேசை விசிறிக்குள் விட்டதில் அவனுக்கு வலது சுட்டுவிரல் பாதிதான். அந்தப் பாதி விரலை வைத்துக்கொண்டே முத்து முத்தாக ஈயம் வைப்பான். இந்தப் பலகையைச் செய்தவனோ ஒவ்வொரு ஈயப் புள்ளியின் முடிவிலும் இடப்பக்கமாக ஒரு சின்ன வால் இழுத்து விட்டிருந்தான்.

சின்னு முக்காலியில் உட்கார்ந்து குனிந்து பார்த்தாள். வால் இழுத்த புள்ளிகளில் பாதி கறுத்துப் பழசாகியிருந்தன.

மீதிப் பாதி பளபளவென்று புதிதாக இருந்தன.

"அண்ணி, இதை யார் தொட்டது?"

"நான்தான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"உங்களுக்கு எங்க தெரியும்?"

"சொல்லிக் குடுத்தா வராதா?"

அண்ணன் உயிரோடு இருந்தபோது சொல்லிக் கொடுத்திருப்பான், பாவம், பொழுது போகாமல் உட்கார்ந்து பழைய புள்ளிகளைப் பார்த்து அப்படியே வைத்திருக்கிறாள் என்று சின்னு சமாதானம் செய்துகொண்டாள். அங்கேயே அவள் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் பலகையில் இன்னும் ஒரே ஒரு கம்பி முனைதான் ஒட்டாமல் நின்றது. ஒட்டாத முனையைப் பார்த்துவிட்டு எழுந்து போகிற புத்தி இந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது. அண்ணன் தொட்டதை முடித்து வைத்துவிட்டால் அண்ணி நிம்மதியாகக் கிளம்புவாள் என்று அதற்கு ஒரு நல்ல காரணமும் உடனே கிடைத்துவிட்டது.

ஈயம் வைத்தாள். ஆறியதும், மின்சாரம் அளக்கும் மீட்டரின் கறுப்பு ஒயரைத் தகரச் சட்டத்தில் மாட்டினாள். சிவப்பு ஒயரின் முள்ளை வலது கையில் எடுத்துக்கொண்டாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, முழங்கையால் சுவிட்சைத் தட்டினாள்.

வால்வுகள் மெல்லச் சிவந்தன. தூசி காயும் வாசனை எழுந்தது. ஸ்பீக்கரில் தாழ்வாக ஒரு ரீங்காரம் தொடங்கியது. அது சீராக இல்லை. ஏறியது, இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது.

தூங்குகிறவர் மூச்சு மாதிரி இருந்தது.

முதுகுக்குப் பின்னால் இருந்த அவள் கையை யாரோ பிடித்தார்கள்.

வெதுவெதுப்பான, காய்ந்த உள்ளங்கை. அண்ணிதான் சத்தமில்லாமல் வந்து நிற்கிறாள் என்று நினைத்து, கண்ணை மீட்டரிலிருந்து எடுக்காமலே, "இருங்க அண்ணி, முடிஞ்சுருச்சு" என்றாள்.

சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

சின்னு அசையவில்லை. திரும்பவும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இப்படி அவள் கையைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொள்ள ஒரே ஒருவன்தான் இருந்தான்.

"அண்ணா" என்று முணுமுணுத்தாள். "ஏண்ணா ரெண்டு கையையும் உள்ள விட்டே?"

கை இறுகியது. ஆசையாக இருந்தது அவளுக்கு. கண்ணீர் வழிய, அந்த விரல்களைத் தன் விரல்களால் ஒவ்வொன்றாகத் தடவினாள். வலது கைதான். கட்டைவிரல். சுட்டுவிரல்.

சுட்டுவிரல் முழுதாக இருந்தது.

நுனி வரை இருந்தது. நகமும் இருந்தது.

கையை உருவப் பார்த்தாள். வரவில்லை.

"பிடிச்சுட்டாரா?"

அண்ணி டீயோடு வாசலில் நின்றிருந்தாள். சின்னுவின் முதுகுப் பக்கம் பார்த்துப் புன்னகைத்தாள். கல்யாணமான புதிதில் இருந்த புன்னகை.

"அண்ணி, இது அண்ணன் இல்ல" என்றாள் சின்னு. குரல் வெளியே வரவில்லை, காற்றுதான் வந்தது. "விரல் இருக்கு. முழு விரல் இருக்கு."

"ஆமா. நானும் பாத்தேன்." அண்ணியின் கண் கலங்கியது. "போன எடத்துல அவருக்கு அது மொளச்சிருச்சு போல. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? தெனமும் கையப் பிடிச்சு ஒவ்வொண்ணா ஈயம் வைக்கச் சொல்லிக் குடுத்தாரு. கடைசி ஒண்ணு மட்டும் நீ வந்து வைக்கட்டும்னு விட்டுட்டாரு."

வால் இழுத்த அந்தப் புதுப் புள்ளிகள் அண்ணன் கை இல்லை, பலகையைச் செய்தவன் கை என்று சின்னு அப்போதுதான் கண்டுகொண்டாள்.

ரீங்காரம் நின்றது.

பின்னாலிருந்த கை இழுக்கத் தொடங்கியது.

பின்பக்கம் இழுக்கவில்லை. அவள் இடது கையை இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தது. அவசரமே இல்லாமல், பிள்ளைக்கு எழுதப் பழக்குகிற நிதானத்தோடு, பெட்டியை நோக்கி நகர்த்தியது. மேசைக்கு மேலே சின்னுவின் கை மட்டும்தான் தெரிந்தது, அதைப் பிடித்த விரல்கள் தெரியவில்லை. அதன் தோல் நான்கு இடங்களில் உள்ளே அமுங்கியிருந்தது. சரிந்து விழாமலிருக்க அவள் வலது கை முள்ளைப் போட்டுவிட்டுத் தகரச் சட்டத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

பற்றிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. ஒரு கை சட்டத்தில். மறு கை, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டென்சரின் முனைக்கு நாலு விரல் தூரத்தில். இப்படித்தான் அண்ணனும் இருந்திருக்கிறான். யாரும் அவனை ஏமாற்றவில்லை, அவன் அசட்டையாகவும் இல்லை. கடைசி நொடி வரை அந்தக் கையை இழுத்துப் பார்த்திருக்கிறான்.

மூன்று விரல் தூரம்.

"அண்ணி, பிளக்கைப் பிடுங்குங்க!"

"இரு, பேசுவாரு" என்றாள் அண்ணி.

சின்னு வலது காலைத் தூக்கி, சுவரிலிருந்து வந்த ஒயரின் மேல் மொத்த பலத்தோடும் உதைத்தாள். பொறி பறந்தது. விளக்கும் அணைந்தது. முக்காலியோடு மல்லாந்து விழுந்தாள். விழுந்த வேகத்தில் கை விடுபட்டது. வால்வுகளின் சிவப்பு மட்டும் இருட்டில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு போனது.

அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. பெட்டியும் வேண்டாம், துணியும் வேண்டாம். அண்ணியின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். டீ தரையெல்லாம் கொட்டியது.

"அவரை விட்டுட்டு எப்படி வர்றது, சின்னு?" அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னுவும் அழுதாள். கெஞ்சினாள், திட்டினாள், காலில் விழாத குறைதான். அண்ணி நிலையை விடவில்லை.

பிறகு திடீரென்று அழுகையை நிறுத்தினாள். வேலை அறைப் பக்கம் தலையைச் சாய்த்து, யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி நின்றாள். முகம் தெளிந்தது.

"சரி" என்றாள். "போலாம்."

இந்தத் தடவை அவளே முதலில் படியிறங்கினாள். அந்த நிம்மதியில் சின்னுவுக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை.

தெருவில் நல்ல வெயில். காரோட்டி தலையைத் திருப்பாமல் "ரெண்டு பேரு மட்டுந்தானா, சாமான் இல்லையா?" என்று கேட்டார். "ரெண்டு பேருதான், சீக்கிரம் எடுங்க" என்றாள் சின்னு. பின் இருக்கையில் அண்ணி ஜன்னலோரம் போகவில்லை. நடுவில் வந்து சின்னுவை ஒட்டி உட்கார்ந்தாள். பயந்துபோயிருக்கிறாள், பாவம். சின்னு அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கார் மேட்டிலிருந்து இறங்கிப் பெரிய சாலைக்கு வந்தது. பழக்கடைகள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பேருந்துகளின் சத்தம். சின்னுவுக்கு அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது. கூட்டி வந்துவிட்டாள்.

அண்ணி கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தாள்.

"சின்னு."

"என்ன, அண்ணி?"

"ரெண்டு கையையும் இப்படிப் போட்டு இறுக்காதே. நெஞ்செல்லாம் என்னமோ பண்ணுது."

சின்னு பிடித்திருந்தது ஒரு கையைத்தான்.

அண்ணியின் மறு கை, அந்தப் பக்கம், காலி இருக்கையின் மேல் கிடந்தது. அதன் தோல் நான்கு இடங்களில் உள்ளே அமுங்கியிருந்தது.

விட்டுவிட வேண்டும் என்று சின்னுவுக்குத் தெரியும். தன் பிடியை விட்டால் போதும், அண்ணியின் நெஞ்சு வழியாக மின்சாரம் ஓடுகிற வழி அறுந்துவிடும். உள்ளங்கையில் மெல்லிய ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் விரல்கள் விரியவில்லை.