பந்துமுழுங்கி மரம்

அன்று காலை பெரிய கண்மாய்க் கரையில் இருந்தவர்கள்: கழுத்தில் விசில் மாட்டிய சாலமன் சார், ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்ட ஆறு பிள்ளைகள், பிளாஸ்க் நிறைய காபியோடு ஜெசியின் அம்மா ஆரோக்கிய ஷீலா, மகன் ஜெயிப்பதை வீடியோ எடுக்க தேவகோட்டையிலிருந்து காரில் வந்த மெய்யநாதன், யாருடையது என்று தெரியாத ஒரு நாய்.

நாயைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெசியும் சிரித்தாள். ஆனால் லைஃப் ஜாக்கெட்டின் வாரை மூன்றாவது முறையாக இழுத்து இறுக்கினாள்.

போன வாரப் பயிற்சியில் அவள் படகு கவிழ்ந்தது. பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டாள். கண்ணைத் திறந்தால் மஞ்சள் தண்ணீர். மேலே வரப் பார்த்தால் ஈரத் துணி முகத்தை மூடியது. சார்தான் இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட அவளுக்கு மூச்சு முட்டியது.

"காத்து நெறைய வருமா சார்?" என்று கேட்டாள்.

"வந்தாத்தான பாய்மரப் படகு நகரும்?"

"திடீர்னு வருமா?"

சார் வானத்தைப் பார்த்தார். "கார்த்திகை மாசத்துக் காத்து சொல்லிட்டா வரும்?"

மெய்யநாதனின் மகன் கார்த்திகேய சிவம் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே, "பயமா இருந்தா கரையில நின்னு கை தட்டு" என்றான்.

"கையுறை நல்லாருக்கு. மாடு பிடிக்கப் போறியா?" என்றாள் ஜெசி.

சார் விசில் ஊதி எல்லோரையும் கூப்பிட்டார். "செவப்பு மிதவையச் சுத்திட்டுத் திரும்பி வரணும். அங்குட்டு ஒரு கருவேல மரத்தோட தலை தெரியுதுல்ல? அதுகிட்ட மட்டும் போயிராதீக. முள்ளுல பாய் கிழிஞ்சிரும்."

ஜெசிக்கு அந்த மரத்தை நன்றாகத் தெரியும். அதன் பெயர் பந்துமுழுங்கி.

கண்மாய் வறண்டு கிடந்தபோது அதற்குள்தான் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். வயலுக்கு வண்டல் அள்ள டிராக்டர் வந்தபோது, பிட்ச்சைத் தொடக் கூடாது என்று பையன்கள் குறுக்கே படுத்துவிட்டார்கள். சுற்றிலும் பள்ளமானது. பிட்ச் மட்டும் மேடாக நின்றது. ஜெசிக்கு ஒரு நாளும் பேட்டிங் கிடைக்கவில்லை. பந்து மரத்தில் விழுந்தால், "நீதான குட்டியா இருக்க, நுழைஞ்சு எடு" என்பார்கள். முள் குத்திக் குத்தியே மரத்துக்கும் பிட்ச்சுக்கும் எவ்வளவு தூரம் என்று அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது.

போட்டி தொடங்கியது. மிதவையைச் சுற்றும்வரை காற்று நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு வடகிழக்கே வானம் கறுத்தது. தண்ணீரின் மேல் ஒரு கரிய கோடு விறுவிறுவென்று வந்தது. அடுத்த நொடி படகு சாய்ந்தது. மழை முகத்தில் மண்ணை அள்ளி வீசியதுபோல் அடித்தது.

ஜெசி பாய்க்கயிற்றைத் தளர்த்திவிட்டாள். படகு நிமிர்ந்தது. கரை எதிரே தெரிந்தது. போய்விடலாம்.

அப்போது பின்னால் விசில் சத்தம் கேட்டது.

கேட்காத மாதிரி இருந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தாள். விசில் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். கார்த்திகேய சிவத்தின் படகு கவிழ்ந்து கிடந்தது. அவன் அதைக் கட்டிப்பிடித்தபடி, லைஃப் ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை ஊதிக்கொண்டே அடித்துச் செல்லப்பட்டான். அந்தத் திசையில்தான் கலுங்கு இருந்தது. நிறைந்த கண்மாயின் தண்ணீர் அங்கேதான் வழிந்து, இரைச்சலோடு கீழே விழுந்தது.

சாரின் மோட்டார் படகு எதிர்க்கரையில் வேறு இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டிருந்தது.

ஜெசி அழுதுகொண்டே படகைத் திருப்பினாள்.

"இழுக்குது ஜெசி! கலுங்குக்கு இழுக்குது!"

"படக விடாத! இந்தக் கயித்த உன் படகுல மாட்டு!"

அவன் மாட்டினான். இரண்டு படகையும் இழுத்துக்கொண்டு கரைக்குப் போக அவள் பாய்க்குப் பலம் இல்லை. காற்று விட்ட வழியில் போகலாம், கொஞ்சம் ஒதுங்கலாம். அவ்வளவுதான். மழைக்குள் கருவேல மரத்தின் தலை தெரிந்தது. சுக்கானை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"முள்ளு! சார் போகக் கூடாதுன்னாரு!"

"தெரியும். பேசாம வா!"

டர்ர்ர்ரென்று பாய் கிழிந்தது. பந்தை முழுங்கும் மரம் பாயையும் முழுங்கியது. படகு நின்றது. ஆனால் முள்ளில் துணி இன்னும் கிழிந்துகொண்டே இருந்தது. அது எவ்வளவு நேரம் தாங்கும்?

ஜெசி தண்ணீரைப் பார்த்தாள். அதே மஞ்சள் தண்ணீர். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். காலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம்...

கட்டைவிரலில் கெட்டி மண் இடித்தது. நின்றாள். நெஞ்சளவு தண்ணீர்.

"கார்த்தி! இங்க வந்து எந்திரிச்சு நில்லு!"

"நடுக் கண்மாய்ல நிக்கச் சொல்றியா? கிறுக்கா உனக்கு?"

"கயித்தப் புடிச்சிட்டு வந்து கால ஊனுடா!"

அவன் வந்தான். காலை ஊன்றினான். அவன் உயரத்துக்கு இடுப்புவரைதான் தண்ணீர். குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான்.

"இது எங்க பிட்ச்சு" என்றாள் ஜெசி.

"அப்ப நான் இவ்வளவு நேரம் கத்துனது?"

"அங்குட்டு ஆழம். அங்க கத்துனது சரிதான். இங்க கத்துனதுதான் வீணு."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இருவரும் ஆளுக்கொரு படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேட்டிங் பிடிக்கிற இடத்தில் ஜெசி அன்றுதான் முதல்முறை நின்றாள்.

சார் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டார். "பாய் போச்சே" என்றார்.

"கிழியும்னு நீங்கதான சார் சொன்னீக."

கரையில் மடைக்குப் பக்கத்தில் மோட்டார் ரூம் இருந்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள். தூரத்தில் இடி உருண்டது.

"போட்டி ரத்து" என்றார் சார். யாரும் வருத்தப்படவில்லை. மெய்யநாதன் மகனின் தலையைத் துண்டால் துவட்டினார். வீடியோவைப் பற்றிப் பேசவே இல்லை.

சார் கதவைச் சாத்தப் போனார். கார்த்திகேய சிவம் துண்டோடு ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"மூடாதீக சார். ஜெசி வரல."

"இங்கதான நின்னா!" என்று அம்மா வாசலுக்கு ஓடினார்.

காரின் அடியிலிருந்து ஜெசி எதையோ இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் கையில் வந்த நாய் அவளைவிட அதிகமாக நடுங்கியது.

அவள் உள்ளே வந்தாள். கார்த்திகேய சிவம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். போட்டது சரியாக விழுந்ததா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தான்.