பீரங்கி மாடுகள் நின்ற இடம்

"அந்தத் திட்டுப் பக்கம் போவாதேனு சொன்னேனா இல்லியா..."

"சொன்னே, சொன்னே. எதுக்குனு ஒரு நாளாவது வாயத் தொறந்து..."

"எதுக்குனு கேக்காதே! போவாதேன்னா போவாதே!"

"அப்ப நீ எறங்குய்யா ஏரில! மூணு மாசமா காலு நனையாம குந்திகினு இருக்கிறவன், எனக்கு இன்னாத்துக்குச் சட்டம் பேசறே? வேற எங்க கை வெச்சாலும் சேறுதான் வருது. அங்க வெச்சா பறி ரொம்புது. துன்ன வாணாவா?"

இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்க, எல்லம்மா பறியைக் கவிழ்த்துத் தரையில் கொட்டினாள். பனையோலைப் பறியின் வயிற்றிலிருந்து இறால்கள் குவியலாக விழுந்து துள்ளின. தருமன் பேச்சை நிறுத்தினான். குவியலின் நடுவே விரலை விட்டு எதையோ இழுத்தான். கறுப்பாக, தடிப்பாக, ஒரு முழ நீளத்துக்கு வந்தது.

"இது இன்னாமே?"

"மயிரு."

"எதோட மயிரு?"

"என்னுதுதான். பின்னே, இறாலுக்கா சடை மொளைக்கும்?"

அவன் சிரிக்கவில்லை. அதை மூக்கருகே கொண்டுபோனான். கையை உதறினான். ஈரத்தில் அது விரலைச் சுற்றிக்கொண்டு விழ மறுத்தது. எப்படியோ பிய்த்து எறிந்துவிட்டு அவன் வெளியே ஓடியதும், எல்லம்மா அதை எடுத்து முகர்ந்தாள். உப்புக்கும் சேற்றுக்கும் அடியில் இன்னொரு வாசம் இருந்தது. ஊறவைத்துப் புண்ணாக்கோடு பிசைந்த பருத்திக்கொட்டை. மூன்று மாதம் முன்புவரை அவள் புருசன் உடம்பில் தினமும் வீசிய வாசம்.

அப்போது அவன் கோட்டையில் வேலையாக இருந்தான். கடல் தாண்டி வந்த உலாந்தா வெள்ளைக்காரர்களின் பெரிய பீரங்கியை இழுக்க ஆறு மாடுகள். அந்த ஆறுக்கும் தருமன்தான் ஆள். தீனி வைப்பான், குளம்பு பார்ப்பான், சிப்பாய்கள் குண்டு போடும்போது மாட்டோடு மாடாகப் பக்கத்தில் நிற்பான். முன்னால் போகும் மாட்டுக்கு மயிலை என்று பெயர். "உனக்கு நான் பொண்டாட்டியா, மயிலை பொண்டாட்டியா?" என்று எல்லம்மா சண்டை பிடித்திருக்கிறாள். மேற்கேயிருந்து குதிரைப்படை வந்து கோட்டையை வளைத்த அன்று மாடுகள் போயின. குதிரைக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கோட்டையில் சொன்னான். அவளிடமும் அதையே சொன்னான்.

படை திரும்பிப் போயிற்று. ஊர்க்காரர்கள் மறுபடி ஏரியில் இறங்கிவிட்டார்கள். தருமன் மட்டும் ஏரிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தான். சோறு இறங்கவில்லை. தண்ணீர் சளக்கென்றாலே காதைப் பொத்தினான். விலா எலும்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இப்படியே போனால் இன்னொரு அமாவாசைக்கு ஆள் இருக்க மாட்டான் என்று எல்லம்மாவுக்குத் தெரிந்தது. அவன் பயப்படுகிற ஏதோ ஒன்று அந்தத் திட்டில் கிடக்கிறது. அதைக் கையோடு எடுத்துவந்து, "இதுக்கா பயந்தே?" என்று அவன் முன்னால் போட்டுவிட்டால் போதும். மனுசன் எழுந்துவிடுவான்.

மறுநாள் உச்சி சாய்ந்து, கடல் இறங்கி ஏரி வற்றும் நேரத்தில், பக்கத்துக் குடிசை தனக்கோடியைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

அவர்கள் ஊரான தோணிரேவுக்கும் எதிரே இருக்கும் பசியாவரத்துக்கும் நடுவில் நீருக்கடியில் மேடிட்டுக் கிடந்தது அந்தத் திட்டு. வற்றத்தில் இடுப்பளவு. முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறினால் ஆள் மூழ்கும். தனக்கோடிக்குக் கையைவிட வாய் வேகம்.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரன் தேறிட்டானா? இன்னும் கோட்டை மாட்டுக்குத் துக்கம் காக்கறானா?"

"நீ வேறக்கா."

"நான் செத்தா எங்காளு மூணு நாள் தாங்கமாட்டான். பேசாம மாடா பொறந்திருக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நீர்மேல் கொஞ்ச தூரம் போய், எதிலோ முட்டியது போல் நின்றது. எல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள். மற்ற நாளில் இந்த நேரத்துக்குப் பூநாரைகள் கும்பலாக மேயும். இன்று ஒன்றுகூட இல்லை. காற்றும் இல்லை. ஏரி, வடித்து ஆறவைத்த கஞ்சிபோல் ஆடை கட்டிக் கிடந்தது.

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு குந்தினார்கள். நீர் தாடைக்கு வந்தது. கைத்தடவலில் கண்ணுக்கு வேலையில்லை; பத்து விரலும் விரிந்து சேற்றின்மேல் நடக்க வேண்டும், சில்லென்று ஒன்று துடித்ததும் தலையைக் கிள்ளிப் பறியில் போட வேண்டும். காது நீரை ஒட்டி இருப்பதால் ஏரிக்குள் நடப்பதெல்லாம் கேட்கும். நண்டு நடப்பது, கெளுத்தி உறுமுவது, சேறு மூச்சு விடுவது. எல்லம்மாவுக்கு அதெல்லாம் பழக்கம். இன்று கேட்டது வேறு. மெதுவாக, ஈரமாக, நிதானமாக ஏதோ ஒன்று அரைபட்டது. நின்றது. தொண்டையில் ஒரு விழுங்கல். மறுபடி அரைபட்டது.

தனக்கோடி பல்லிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

"எல்லம்மா. உனக்குக் கேக்குதா?"

"நண்டுக்கா."

"எந்த நண்டுடி அசை போடும்?"

அவள் எழுந்துவிட்டாள். அரைப் பறிகூட நிரம்பவில்லை. "எனக்கு இங்க பொறுக்கல. நான் ஊட்டுக்குப் போறேன். நீயும் வா."

"நீ போக்கா. இதோ வரேன்."

தனக்கோடி கரையேறிப் போனதும் ஏரி இன்னும் அகலமானது.

எல்லம்மா தடவிக்கொண்டே முன்னே போனாள். இறால் கையில் தானாக வந்து விழுந்தது, கிள்ளவே நேரமில்லை. திட்டின் நடுப்பகுதியில் நீர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலின் சூடு மேலே இருக்கும். இது அடியிலிருந்து வந்தது. ஒரு பக்கமாக, விட்டு விட்டு, அவள் வயிற்றில் வந்து மோதியது.

விரலில் துணி சிக்கியது. துணியில் முடிச்சு.

கைத்தடவுகிறவர்களுக்கு இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏரிக்கடியில் கையில் படும் முடிச்சை அவிழ்க்காமல் விடக்கூடாது. வலைத்துண்டோ கயிறோ எதுவானாலும் சரி, விட்டுவிட்டுப் போனால் அடுத்து வருகிறவள் விரல் அதில் மாட்டும். கடல் ஏறுகிற நேரத்தில் மாட்டினால் அவள் கதை முடிந்தது. அதனால் எல்லம்மா யோசிக்கவேயில்லை. நகத்தை உள்ளே விட்டு நெம்பினாள். ஈரத்தில் இறுகிய முடிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து, சட்டென்று விட்டது.

துணியை மேலே தூக்கினாள். சேறு வழிந்ததும் சிவப்பு தெரிந்தது. சாயவேர் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள் பூ. அவளுடைய பழைய சேலை. படை வந்த அன்று காலையில் மாட்டுக்குக் கண் கட்டவேண்டும் என்று அவன் கேட்க, அவளே ஆறு கிழிசலாகக் கிழித்துக் கொடுத்தது.

இடது கை இன்னும் நீருக்கடியில் இருந்தது. துணி இருந்த இடத்தில். உள்ளங்கைக்குக் கீழே அகலமான எலும்பு. எலும்பின்மேல் ஈரத்தோல். தோலில் ஒரு மடிப்பு.

மடிப்பு திறந்தது.

இமைமயிர் அவள் உள்ளங்கையை வருடியது.

கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. நடந்தாள். இடுப்பளவு நீரில் ஓட முடியாது. தொடையால் நீரைத் தள்ளித் தள்ளி நடந்தாள். பறி எங்கோ போயிற்று. துணி மட்டும் கையில். கடல் ஏறத் தொடங்கியிருந்தது; குளிர்ந்த நீர் முதுகைத் தள்ளியது. பின்னால் கயிறு இழுபடும் முனகல். நுகத்தடி ஒன்று முறுகும் சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். ஆடை கட்டிய நீரில் சுழிப்புகள். இரண்டிரண்டாக ஆறு. அவள் நின்றால் நின்றன. நடந்தால் வந்தன.

கரையில் தருமன் நின்றிருந்தான். மூன்று மாதத்தில் முதல்முறையாக ஏரியைப் பார்த்தபடி. அவன் கண் அவள் முகத்துக்கு வரவில்லை. கையில் இருந்த சிவப்பைப் பார்த்தது.

"அவுத்துட்டியா?"

"இன்னாய்யா அது? இன்னா செஞ்சே நீ?"

"எதை அவுத்தே? முன்மாடா?"

"சொல்லுய்யா!"

அவன் சொன்னான். அவளைப் பார்க்காமல், நீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மாட்டைப் பசியாவரத்தில் கொண்டுபோய் ஒளித்து வை என்று கோட்டையில் உத்தரவு. வற்றத்தில் ஓட்டிக்கொண்டு திட்டுவரைக்கும் போய்விட்டான். அப்போது தோணிரேவுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது.

"நீ ஊட்ல தனியா இருந்தே. அதான் கண்ணக் கட்டி, காதுல பஞ்சு வெச்சி, நெத்தில ரெண்டு தட்டு தட்டிட்டு ஓடியாந்தேன். அதுங்கள அப்பிடித்தான் பழக்கி வெச்சிருக்கேன். கண்ணு கட்டிட்டா, பக்கத்துல பீரங்கி வெடிச்சாலும் காலு எடுக்காது. ஒரு நாழில திரும்பிப் போய் அவுத்துடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள குதிரைக்காரனுங்க கரையில வந்து நின்னுட்டானுங்க. கடலு ஏறிப்போச்சி." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "நான் பாத்தேன்மே. இங்கிருந்தே பாத்தேன். ஆறு தலை. அப்பறம் ஆறு சோடிக் கொம்பு. அப்பறம் தண்ணி. ஒண்ணுகூட காலு எடுக்கல."

இருபது தப்படி தள்ளி நீரில் சுழிப்புகள் நின்றிருந்தன. முன்னாலிருந்த இரண்டிலிருந்து குமிழ்கள் வந்தன. சூடாக. பருத்திக்கொட்டை வாசத்தோடு.

"இப்ப இன்னா வோணுமாம் அதுங்களுக்கு? உன்னையா?"

"என்னய இல்லமே." அப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "யாரு கண்ணுக்கட்ட அவுக்கறாங்களோ, அவங்க பின்னாடிதான் வரும். எங்க போனாலும் வரும். அதுவும் பழக்கம்தான்."

அவள் கையிலிருந்த துணியை உருவினான்.

"குடு. திரும்பக் கட்டிட்டா நின்னுடும்."

"வாணாய்யா. ஊட்டுக்கு வா."

"நான்தானே கட்டினேன். என் கைக்கு நிக்கும். நீ இங்கயே இரு."

இறங்கினான். முழங்கால். இடுப்பு. மேற்கே வெயில் இன்னும் பளிச்சென்று இருந்தது. அவன் நிழல் அவனுக்கு முன்னால் நீண்டு சுழிப்புகளைத் தொட்டது. சுழிப்புகள் விலகி அவனுக்கு இடம் விட்டன. அவன் நடுவில் போய் நின்றான். அவன் இரண்டு கையையும் நீட்டினான். ஒன்றுமில்லாத நீர்மேல் தடவினான். ஏதோ பேசினான். மாட்டிடம் பேசும் குரல். தணிந்த, கொஞ்சும் குரல். அவளிடம்கூட அந்தக் குரலில் அவன் பேசியதில்லை.

கை மேலே போயிற்று. துணி சுற்றியது. முடிச்சுப் போடும் அசைவு.

சுழிப்புகள் அடங்கின. குமிழ் நின்றது. ஏரி தட்டையானது.

"கட்டிட்டியாய்யா?"

அவன் திரும்பினான்.

துணி அவன் கண்ணில் இருந்தது.

கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. நின்றான். அசையவில்லை. மார்பளவு நீர். அவள் கூப்பிட்டாள். திட்டினாள். அவன் நைனா பேரையும் ஆத்தா பேரையும் இழுத்துத் திட்டினாள். ஒரு சேற்றுருண்டையை எடுத்து எறிந்தாள். அது அவன் தோளில் பட்டு வழிந்தது. தோள் மட்டும் ஒருமுறை சிலிர்த்தது. ஈ உட்கார்ந்த மாட்டின் தோல் சிலிர்ப்பதுபோல்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. நீர் அவன் கழுத்துக்கு வந்தது.

எல்லம்மா இறங்கினாள்.

அவனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கால்விரல் நுனியில் நின்றால்தான் தரை எட்டியது. முடிச்சைத் தேடினாள். கிடைத்தது. இறுகியிருந்தது. எந்த முடிச்சும் அவள் விரலுக்கு இப்படி அடங்காமல் போனதில்லை.

"இருய்யா. அவுத்துடறேன். அவுத்துட்டா நீ எம்பின்னாடி வந்துடுவே. இரு."

நீர் அவன் தாடையைத் தொட்டது. அவள் பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள். உப்பு. சாயம். சேறு. நகம் ஒன்று பெயர்ந்தது. முடிச்சு கொஞ்சம் நெகிழ்ந்தது. இன்னும் கொஞ்சம்.

அவள் பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது.

விரல்கள் நின்றன. அகலமான, சொரசொரப்பான ஒரு நாக்கு அவள் கழுத்திலிருந்த உப்பைக் கீழிருந்து மேலாக, மெதுவாக நக்கியது. அவள் திரும்பவில்லை. அவன் காதோரம் வாயை வைத்தாள்.

"யோவ். உம்பின்னாடி நிக்கிறது நானு. எம்பின்னாடி நிக்கிறது யாருய்யா?"