முடி சுற்றிய ஆணி

பேய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று சிவப்பு விளக்கு போட்டுக் காட்டும் இயந்திரத்தை இந்தப் பூமியில் முதன்முதலாகச் செய்தவன் நான்தான். அதுவும் கீரனூரில், பணி ஓய்வு பெற்ற கையோடு.

நம்பாத ஒரே ஆள் என் மைத்துனன் ரத்தினவேல். உச்சிவெயிலில் திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி, மரம் செதுக்கும் என் சின்ன சி.என்.சி. இயந்திரத்தைப் பார்க்க வந்தான். மேசையில் புளியமரப் பலகை. அதில் அடித்திருந்த துருப்பிடித்த ஆணியைக் காலையில்தான் பிடுங்கி ஜன்னலில் வைத்திருந்தேன். ஆணியைச் சுற்றி நீளமாகத் தலைமுடி.

"அத்தான், பேய ஓட்டி, புடிச்சவங்க உச்சிமுடியோட மரத்துல அடிக்கிற ஆணியில்ல இது? ஒங்களப் புடிச்சுக்கப் போகுது!" என்று சிரித்தான்.

"ஆணி பட்டுக் கட்டர் ஒடஞ்சா நீயா மாப்ளே வாங்கித் தருவே?"

கட்டர் ஓரம் தாண்டிவிடாமல் இருக்க, இயந்திரத்தின் இரண்டு ஓரத்திலும் சென்சார் மாட்டியிருந்தேன். இரும்பு நெருங்கினால் அதில் விளக்கு எரியும். கறுப்பு ஒயர் வழியாகக் கன்ட்ரோலருக்குச் செய்தி போகும். உடனே ஓட்டம் நின்றுவிடும்.

ஓட்டினேன். கட்டர் நடுவிலேயே நின்றது. இடப்பக்க விளக்கு எரிந்தது. பக்கத்தில் இரும்பே இல்லை.

அணைந்தது.

வலப்பக்கம் எரிந்தது.

விளக்கெண்ணெய் தடவிய தலையின் வாடை அறையெங்கும் வீசியது.

"அங்கிட்டிருந்து இங்கிட்டு யாரோ நடக்குறாங்க மாப்ளே."

"ஒயரிங் தெரியல, பேய் மேல பழியப் போடுறீங்க!" கறுப்பு ஒயர்கள் இரண்டையும் பிடுங்கிவிட்டு, பலகையில் கையை ஊன்றிக் குனிந்தான்.

நான் எதையும் தொடவில்லை. கட்டர் தானாகச் சுழன்று அவன் கையை நோக்கி ஊர்ந்தது.

"கைய எடுடா!"

"வரல அத்தான்... யாரோ அமுக்குறாங்க!"

அந்த அறையை ஒரே தாவலில், காற்றிலேயே கடந்தேன். நிறுத்தும் பொத்தானில் குத்தினேன். கட்டர் அவன் நகத்தை உரசி நின்றது.

ஆணியைத் திரும்ப அடித்துவிடலாம் என்று ஜன்னலுக்கு ஓடினேன்.

முடி மட்டும் கிடந்தது.

"சென்சாரே பழுதுதான், பாருங்க." வெளிறிய முகத்தோடு ஒரு சென்சாரைக் கழற்றினான். பழுப்பு, நீல ஒயர்களில் இன்னும் மின்சாரம் இருந்தது. சுவரில் வைத்தான், எரியவில்லை. நெஞ்சில் வைத்தான், எரியவில்லை.

தலைக்குக் கொண்டுபோனான்.

சிவப்பு.

கண்ணாடியைக் கழற்றினான். கடிகாரத்தைக் கழற்றினான். மறுபடியும் வைத்தான்.

சிவப்பு.

"நடந்தது நெசந்தான் அத்தான்," என்று கிசுகிசுத்தான். "உச்சியில குத்துது."